திருட்டு வழக்கின் முதல் நாள்



இலக்கியமும் ஆன்மிகமும் பேசப்படும் இந்த அம்மாபேட்டை அறக்கட்டளை மேடையில் திருட்டு வழக்கைப் பற்றிப் பேச இசைவு கொடுத்திருக்கிறீர்கள். அதற்கு என் நன்றி. சேலம் நீதிமன்றங்களில் எதிரிகள், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள், தரப்பில் நின்று வழக்காடுவது என் தொழில். அந்தத் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரே ஒரு விஷயத்தைத்தான் இன்று உங்கள் முன் வைக்கப்போகிறேன். திருட்டு வழக்கில் தீர்ப்பு என்றைக்கோ வரும். ஆனால் அது எந்தப் பக்கம் சாயும் என்பது பெரும்பாலும் ஆளைக் கூட்டிக்கொண்டு போன முதல் இருபத்துநான்கு மணி நேரத்திலேயே முடிவாகிவிடுகிறது. நம் மக்கள் வழக்கறிஞரைத் தேடுவதோ ரிமாண்டு ஆன பிறகு. பாவில் அறுந்த இழையை அப்போதே முடிச்சுப் போடாவிட்டால் துணி நெடுகப் பழுது ஓடும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதை அம்மாபேட்டையில் பேசுவதற்குத் தனிக் காரணம் உண்டு. இந்த ஊரின் தொழில் அடுத்தவர் பொருளைக் கையில் வைத்துச் செய்யும் தொழில். முதலாளி பாவையும் ஊடையையும் ஜரிகையையும் எடை போட்டுக் கொடுப்பார். தறிக்காரர் நெய்து சேலையாகத் திருப்பிக் கொடுப்பார். செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்து வெள்ளிப் பட்டறைகளிலும் இதே முறைதான். கட்டி வெள்ளி போகும், கொலுசு வரும், நடுவில் சேதாரம் கழியும். எடை குறைந்தால் பேச்சு வரும். பேச்சு முற்றினால் ஒருவர் ஸ்டேஷனுக்குப் போவார். பல ஆண்டு நம்பிக்கை ஒரே மனுவில் திருட்டுப் புகாராகிவிடும்.

அந்த இடத்தில் வழக்கறிஞர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது திருட்டுத்தானா என்பது. ஒருவர் வசம் இருக்கும் பொருளை அவர் சம்மதம் இல்லாமல், நேர்மையற்ற எண்ணத்தோடு எடுத்தால்தான் சட்டத்தின்படி திருட்டு. முதலாளியே மனமுவந்து எடை போட்டுக் கொடுத்த ஜரிகை தறிக்காரர் வீட்டில் இருந்தால் அதைத் திருட்டு என்று சொல்ல முடியாது. அவர் அதை விற்றுத் தின்றிருந்தால் நம்பிக்கை மோசடி ஆகலாம். கூலி பாக்கிக்காகப் பிடித்து வைத்திருந்தால் அது வெறும் கணக்கு வழக்கு, சிவில் கோர்ட்டில் தீர வேண்டியது. பட்டறைக்குள் முதலாளியின் கண்காணிப்பில் கூலிக்கு வேலை செய்பவர் அங்கிருந்து வெள்ளியை எடுத்துப்போனால் கதையே வேறு. அது வேலைக்காரர் செய்த திருட்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 306ஆம் பிரிவு, ஏழு ஆண்டு வரை சிறை. சாதாரணத் திருட்டுக்கு 303ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை. குடியிருக்கும் வீட்டிலோ வழிபாட்டிடத்திலோ திருடினால் 305, அதுவும் ஏழு ஆண்டு வரை.

எந்தப் பிரிவு எழுதப்படுகிறது என்பது வாழ்க்கையை மாற்றும் விஷயம். சாதாரணத் திருட்டு வழக்கைப் பொருளின் சொந்தக்காரர் சமரசமாக முடித்துக்கொள்ளலாம். வேலைக்காரர் திருட்டு என்றால் நீதிமன்ற அனுமதி வேண்டும். வீடு புகுந்த திருட்டில் சொந்தக்காரரே மனம் மாறினாலும் கீழ்க்கோர்ட்டில் அந்த வழி இல்லை, உயர் நீதிமன்றம் போக வேண்டும். சாதாரணத் திருட்டில் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்தால் நீதித்துறை நடுவரின் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரணையே தொடங்கக் கூடாது. அந்த மதிப்புக்குள் முதல் தடவை திருடியவர் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் தண்டனை சமூக சேவை மட்டுமே. இதெல்லாம் அச்சிட்ட சட்டம். முதல் நாளில் எடுத்துச் சொல்ல ஆள் இல்லாததால்தான் இவை பயன்படாமல் கிடக்கின்றன.

ஸ்டேஷனில் அந்த முதல் நாள் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். புகார் கொடுத்தவருக்கு சி.எஸ்.ஆர். என்ற மனு ரசீது கிடைக்கும். எஃப்.ஐ.ஆர். இன்னும் போட்டிருக்க மாட்டார்கள். "சும்மா விசாரணைக்கு" என்று ஆளைக் கூப்பிடுவார்கள். கைது என்று சொல்லாததால் கைதுக்கான பாதுகாப்பு எதுவும் அவருக்கு இல்லாததுபோல ஆகிவிடும். உட்கார வைப்பார்கள், மிரட்டுவார்கள், அடிப்பதும் உண்டு. பிறகு ஒரு வாக்குமூலம் தயாராகும். கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய உதவியாளரும் சாட்சிக் கையெழுத்துப் போடுவார்கள். ஓரிடத்தைக் காட்டியதாகவும் அங்கே பொருள் கிடைத்ததாகவும் மகஜர் எழுதப்படும். சில நேரம், பல மாதமாகத் துப்புத் துலங்காத வேறு திருட்டுகளும் அதே ஆள் பெயரில் சேரும். நடுவர் முன் அவரை நிறுத்தும்போது காகிதங்கள் முழுமையாக இருக்கும்.

இந்த வாக்குமூலத்துக்கு மதிப்பு என்ன? போலீஸிடம் கொடுத்த ஒப்புதலை எதிரிக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்பது 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்திலிருந்தே இருக்கும் விதி. புதிய சாட்சியச் சட்டத்தில் அது 23ஆம் பிரிவு. அதற்கு ஒரு விலக்கு உண்டு, பழைய சட்டத்தின் புகழ்பெற்ற 27ஆம் பிரிவு. எதிரி சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதியை மட்டும் ஏற்கலாம். 1946இல் புலுக்குரி கோட்டையா வழக்கில் பிரிவி கவுன்சில் இந்த எல்லையைத் தெளிவாக வரைந்தது. நம் ஊர் உதாரணம் ஒன்று சொல்கிறேன். "பட்டறையில் திருடிய வெள்ளியைத் தறிக்குழியில் புதைத்து வைத்திருக்கிறேன், வந்தால் எடுத்துக் காட்டுகிறேன்" என்று வாக்குமூலம் இருந்தால், தறிக்குழியில் புதைத்து வைத்திருப்பது வரைதான் சாட்சியம். "பட்டறையில் திருடிய" என்ற பகுதியை நீதிமன்றம் படிக்கவே கூடாது. வழக்கறிஞர் எழுந்து ஆட்சேபிக்காவிட்டால் அது கோப்பில் ஏறி, படிப்பவர் மனதிலும் ஏறிவிடும்.

புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு சோதனையையும் பறிமுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது. பதிவைத் தாமதமின்றி நடுவருக்கு அனுப்ப வேண்டும். எதிரி தரப்புக்குக் கிடைத்திருக்கும் பெரிய கருவி இது என்பேன். மகஜர் எங்கே எழுதப்பட்டது, சாட்சிகள் உண்மையில் அங்கே நின்றார்களா, தறிக்குழியை யார் தோண்டினார்கள் என்று இனிக் கண்ணால் பார்த்துக் கேட்கலாம். முதல் நாளிலேயே அந்தப் பதிவைக் கேட்டு மனுப் போட வேண்டும்.

அந்த நாளில் யாரும் கூட இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டில் நாமெல்லாம் அறிந்த பெயர் ராஜாகண்ணு. 1993 மார்ச்சில், விருத்தாசலம் பக்கம், ஒரு நகைத் திருட்டுப் புகாரில் கம்மாபுரம் போலீஸார் அவரைப் பிடித்தார்கள். குறவர் சமூகத்துக் கூலித் தொழிலாளி. தப்பி ஓடிவிட்டார் என்று போலீஸ் சொன்னது. அவர் மனைவி நம்பவில்லை. அன்று வழக்கறிஞராக இருந்த கே. சந்துரு உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவை நடத்தினார். போலீஸ் அடியில் அவர் இறந்துபோனது அதன் பிறகே வெளியே வந்தது. பொறுப்பான போலீஸாரை உயர் நீதிமன்றம் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது 2006இல். பதின்மூன்று ஆண்டுகள். 2021இல் வந்த ‘ஜெய் பீம்’ படத்தின் அடிப்படை இந்த வழக்குதான். படத்தைப் பார்த்து அழுதோம். அதற்குப் பிறகும், 2025 ஜூனில், திருப்புவனம் அருகே மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார், காரில் இருந்த நகை காணவில்லை என்ற புகாரில் விசாரணைக்குக் கொண்டுபோகப்பட்டு மறுநாளே போலீஸ் காவலில் இறந்தார். வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது.

ராஜாகண்ணுவின் சமூகத்துக்கும் நம் மாவட்டத்துக்கும் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் முத்திரை குத்தப்பட்டு, இன்று சீர்மரபினர் பட்டியலில் இருக்கும் சமூகங்களில் ‘சேலம் மேல்நாடு குறவர்’, ‘சேலம் உப்புக் குறவர்’ என்று நம் ஊர்ப் பெயரைத் தாங்கியே இரண்டு இருக்கின்றன. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல் ஒழிந்தது. பக்கத்துத் தெருவில் நகை காணாமல் போனால் முதலில் யார் வீட்டுக் கதவு தட்டப்படுகிறது என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கும் இதே கதிதான். பீரோ சாவியை மறந்து வைத்தவர் ஒருவர், ஸ்டேஷன் வாசலில் உட்காருபவர் இன்னொருவர். சாட்சி விசாரணைக்கு என்று ஒரு பெண்ணை அவர் குடியிருக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச் சொல்லக் கூடாது என்று நடைமுறைச் சட்டத்தின் 179ஆம் பிரிவு சொல்கிறது. அந்தத் தாய்மார்களில் எத்தனை பேருக்கு இதைச் சொன்னோம்?

வழக்கறிஞர் இருப்பதும் இல்லாததும் என்ன வித்தியாசம் என்பதை உலகத்துக்குக் காட்டியதும் ஒரு சின்னத் திருட்டு வழக்குதான். 1961இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், விளையாட்டுக்கூடம் ஒன்றை உடைத்துத் திருட நுழைந்ததாக கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் என்ற ஏழை மீது வழக்கு. தனக்கு வழக்கறிஞர் வேண்டும் என்று கேட்டார். மரண தண்டனை வழக்குகளுக்கு மட்டுமே அரசு வக்கீல் வைக்கும் என்று மறுத்தார்கள். தானே வாதாடித் தோற்று, ஐந்து ஆண்டு சிறை பெற்றார். சிறையிலிருந்து பென்சிலால் எழுதி உச்ச நீதிமன்றத்துக்கு மனு அனுப்பினார். 1963 மார்ச்சில் நீதிபதிகள் ஒருமனதாக அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் மறுவிசாரணை. அதே புகார்தான். இந்த முறை பக்கத்தில் வழக்கறிஞர் இருந்தார். ஜூரிகள் சுமார் ஒரு மணி நேரத்தில் விடுதலை என்றார்கள்.

நம் அரசியல் சட்டத்தின் 22ஆம் கூறு, கைதானவர் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ளும் உரிமையை 1950இலேயே தந்துவிட்டது. காசில்லாதவருக்கு அரசு செலவில் வழக்கறிஞர் என்பது பிறகு வந்தது. 1979இல் ஹுசைனாரா கட்டூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உரிமை என்றது. முதல் தடவை முன்னிறுத்தும்போதே நடுவர் அந்த உரிமையை எடுத்துச் சொல்ல வேண்டும் என்றது பாகல்பூர்க் கண்பறிப்பு வழக்கு. 1986இல் சுக் தாஸ் வழக்கில், எதிரிக்கு அந்த உரிமை சொல்லப்படவில்லை என்பதற்காகவே தண்டனையை ரத்து செய்தது. விசாரணையின்போதும் வழக்கறிஞரைச் சந்திக்கலாம் என்பது டி.கே. பாசு தீர்ப்பு, இன்று சட்டப் பிரிவாகவே இருக்கிறது. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் தேவையில்லாமல் கைது செய்யாதே, முதலில் நோட்டீஸ் கொடு என்றது 2014இன் அர்னேஷ் குமார் தீர்ப்பு. மேலே சொன்ன திருட்டுப் பிரிவுகள் மூன்றும் அந்த வரம்புக்குள் வருபவை.

நீதிமன்றத்தில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அறுபது நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமையாகிறது. ஆனால் பத்திரிகை தாக்கலாகும் முன் மனுப் போட வேண்டும். உருக்கிய வெள்ளிக்கட்டியைக் காட்டி "இது என்னுடையது" என்று சொல்லும் சாட்சியை, எதை வைத்து அடையாளம் சொல்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். திருட்டு நடந்த சில நாளில் பொருள் கையில் இருந்தால் நீதிமன்றம் எதிராக ஊகிக்கலாம். அது மாற்றக்கூடிய ஊகம். அடகுக்கடை ரசீது, கூலிச் சீட்டு, எடை நோட்டு இவைதான் அதை மாற்றும். அந்தக் காகிதங்களைப் பத்திரப்படுத்துங்கள்.

என் சக வழக்கறிஞர்களுக்கும் ஒரு வார்த்தை. "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடலாம்ப்பா, அலைச்சல் மிச்சம்" என்று சொல்லி அனுப்புவது எனக்கு வேதனை தருகிறது. அந்த ஒப்புதல் ஒரு தண்டனைப் பதிவு. அடுத்த தடவை அதே 303ஆம் பிரிவில் தண்டிக்கப்பட்டால் குறைந்தது ஓராண்டு கடுங்காவல், ஐந்து ஆண்டு வரை போகும். உண்மையிலேயே தவறு செய்த இளைஞராக இருந்தால், 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின்படி எச்சரித்தோ பிணையின் பேரிலோ விடுவிக்கும்படி கேளுங்கள். அந்தச் சட்டத்தில் திருட்டு பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. குற்றம் செய்தவருக்கும் வழக்கறிஞர் வேண்டும், நியாயமான அளவில் தண்டிக்கப்படுவதற்காக. இந்த ஊர் வழக்கறிஞர்களுக்குப் பெரிய மரபு உண்டு. 1882 சேலம் கலவர வழக்கில் பொய்யாகச் சேர்க்கப்பட்டு, பத்து ஆண்டு தண்டனையை உயர் நீதிமன்றத்தில் உடைத்து வெளியே வந்தவர் நம் விஜயராகவாச்சாரியார். ராஜாஜி தொழில் தொடங்கியதும் இங்கேதான்.

கடைசியாக அறக்கட்டளையாரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு வட்டிப் பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, கை அகலத்தில் ஒரு சீட்டு அச்சிட்டு, அம்மாபேட்டைத் தறிக்கூடங்களிலும் பட்டறைகளிலும் ஒட்டுங்கள். கூப்பிட்டால் எழுத்தில் நோட்டீஸ் கேட்க வேண்டும் என்று அதில் இருக்கட்டும். கைது என்றால் காரணம் சொல்ல வேண்டும், உறவினர் ஒருவருக்குத் தகவல் போக வேண்டும், மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும், இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்று இருக்கட்டும். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதே என்பது பெரிய எழுத்தில் வரட்டும். காவலில் இருப்பவருக்கும், பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. தொலைபேசி 15100. ராத்திரியானாலும் கூப்பிடலாம் என்று இளம் வழக்கறிஞர்கள் சிலர் தங்கள் எண்ணையும் அதன் கீழே எழுதிக் கொடுப்பார்கள். அவர்களை அழைத்து வரும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.