பதினொன்றாம் வகுப்பின் முதல் வாரமும் ஆறு பாடங்களும்

(அறக்கட்டளைக் கூடத்தில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





வழக்கமாக இந்தக் கூட்டத்தில் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் எந்த குரூப் எடுக்கலாம் என்று பேசுவோம். இந்த முறை ஐ.பி. டிப்ளமோ என்ற படிப்பைப் பற்றிப் பேசுகிறோம். நம் ஊரில் இதைப் படிக்க வசதி இல்லையே, நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். ஆனால் துபாயிலும் தோஹாவிலும் சபரில் இருக்கும் நம் குடும்பங்களில் இதைப் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சென்னை, கோவை, கொடைக்கானல் பக்கம் விடுதியில் தங்கிப் படிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களின் வாப்பாமார்கள் விடுமுறையில் ஊர் வரும்போது நம் அலுவலகத்துக்கு வந்து ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "புள்ள நல்லாத்தான் படிக்கிறான், மார்க்கும் இருக்கு. இங்கே காலேஜ்ல சேர்க்க முடியாதுங்கிறாங்களே, ஏன்?"

பெரும்பாலும் மார்க் காரணம் இல்லை. பதினொன்றாம் வகுப்பின் முதல் வாரத்தில் ஒரு படிவத்தில் குறித்துக் கொடுத்த ஆறு பாடங்கள்தான் காரணம்.

இந்தப் படிப்பை நடத்தும் இன்டர்நேஷனல் பாக்கலாரியேட் அமைப்பு 1968-இல் ஜெனீவாவில் தொடங்கப்பட்டது. டிப்ளமோ என்பது நம் பிளஸ் ஒன், பிளஸ் டூ போல இரண்டு வருடம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் 1983 முதலே இதை பிளஸ் டூவுக்கு இணையாக ஏற்றிருக்கிறது. ஆகவே "இது இந்தியாவில் செல்லாது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். செல்லும். ஆனால் எந்தப் பாடங்களோடு என்பதுதான் கேள்வி.

மாணவர் ஆறு பாடம் எடுக்க வேண்டும். முதல் குழு, நன்றாகத் தெரிந்த ஒரு மொழியும் அதன் இலக்கியமும். இரண்டாம் குழு, கற்றுக்கொள்ளும் இன்னொரு மொழி. மூன்றாவது வரலாறு, பொருளாதாரம், வணிகம் போன்ற சமுதாயப் பாடம். நான்காவது அறிவியல். ஐந்தாவது கணிதம். ஆறாவது ஓவியம், இசை, நாடகம் போன்ற கலை. கலை வேண்டாம் என்றால் அந்த இடத்தில் முதல் நான்கு குழுக்களில் ஒன்றிலிருந்து இன்னொரு பாடத்தை எடுத்துக்கொள்ளலாம். இந்த ஆறில் மூன்றை ஹையர் லெவல் என்ற உயர்நிலையில் படிக்க வேண்டும், விரும்பினால் நான்கு வரை போகலாம். மற்றவை ஸ்டாண்டர்ட் லெவல். உயர்நிலைப் பாடத்துக்கு 240 மணி நேரமும் மற்றதற்கு 150 மணி நேரமும் வகுப்பு பரிந்துரைக்கப்படுகிறது.

இதில் ஆறாவது இடத்தை எல்லாரும் கவனியுங்கள். பொறியியல் படிக்க விரும்பும் பிள்ளைக்குக் கணிதம் தானாகவே வந்துவிடும், அது எல்லாருக்கும் கட்டாயம். நான்காம் குழுவில் இயற்பியல், ஆறாவது இடத்தில் கலைக்குப் பதில் வேதியியல். முடிந்தது. நம் அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வில் கட் ஆஃப் கணக்கிடுவது கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்றுதான். அந்த மூன்றும் கையில் இருக்கும். அதை விட்டுவிட்டு, பையனுக்கு ஆசை என்று இயற்பியலோடு கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தால் வேதியியலுக்கு இடமில்லாமல் போகும்.

மருத்துவம் அப்படி இல்லை. நீட் எழுதத் தகுதி பெற இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் ஆங்கிலமும் பிளஸ் டூ நிலையில் படித்திருக்க வேண்டும். ஐ.பி.யின் சாதாரண விதிப்படி மூன்று அறிவியல் பாடம் எடுக்க முடியாது, இடமே இரண்டுதான். நம்மிடம் வந்த ஒரு குடும்பத்தில் மகள் டாக்டராக வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவள். உயிரியலும் வேதியியலும் உயர்நிலையில் எடுத்து ஏழுக்கு ஆறு வாங்குகிறாள். மூன்றாம் குழுவில் வணிகம். இயற்பியல் இல்லை. இரண்டாம் வருடம் பாதியில்தான் நீட் விதி அவர்கள் கண்ணில் பட்டது. பள்ளி சொல்லவில்லை, ஏனென்றால் அங்குள்ள பிள்ளைகளில் பெரும்பாலோர் பிரிட்டனுக்கோ கனடாவுக்கோ போகிறவர்கள். பிரிட்டனில் மருத்துவத்துக்கு வேதியியலும் உயிரியலும் பெரும்பாலும் போதும். பள்ளியின் கணக்கு அது, நம் கணக்கு வேறு. விடுபட்ட பாடத்தைப் பின்னர் தனியாக எழுதிச் சேர்ப்பதையும் ஏற்கலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023-இல் அறிவித்தது உண்மை. ஆனால் அதற்குப் பிள்ளையின் ஒரு வருடம் போகும்.

இதற்கு முன்கூட்டியே வழி உண்டு. நான்-ரெகுலர் டிப்ளமோ என்று பெயர். ஒரு நாட்டின் கல்லூரிச் சேர்க்கை விதி மூன்று அறிவியலைக் கேட்கிறது என்று ஆவணத்தோடு காட்டினால், வழக்கமாகச் சமுதாயப் பாடத்தை விட்டு மூன்றாவது அறிவியலை எடுக்க ஐ.பி. அனுமதிக்கிறது. அந்த அனுமதியைப் பள்ளியின் டிப்ளமோ ஒருங்கிணைப்பாளர்தான் கேட்டு வாங்க வேண்டும், பெற்றோர் நேரடியாகக் கேட்க முடியாது. சில பள்ளிகளில் கால அட்டவணையில் மூன்று அறிவியலும் ஒன்றோடொன்று மோதும். ஆகவே பத்தாம் வகுப்பு முடிவதற்கு முன்பே, சேர்க்கைப் பணம் கட்டுவதற்கு முன்பே, எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். நீட் தேர்வு பெரும்பாலும் மே மாத முதல் ஞாயிற்றுக்கிழமை வருகிறது. ஐ.பி.யின் மே தேர்வு ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே மூன்றாம் வாரம் வரை ஓடும். அதாவது வெள்ளிக்கிழமை ஐ.பி. வேதியியல், ஞாயிறு நீட், திங்கள் மறுபடி ஐ.பி. என்று கூட அமையலாம். நீட் முழுவதும் சரியான விடையைக் குறிக்கும் தேர்வு, என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தை ஒட்டியது. ஐ.பி.யோ விளக்கி எழுத, சோதனை செய்து அறிக்கை கொடுக்கப் பழக்குவது. இரண்டும் நல்லவைதான், ஆனால் ஒரே பிள்ளையின் ஒரே இரண்டு வருடத்தில் இரண்டையும் அடைப்பது பெரும் பாரம். தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். என்பதுதான் உறுதியான முடிவு என்றால், பத்தாம் வகுப்போடு சி.பி.எஸ்.இ.க்கோ நம் மாநிலப் பாடத்திட்டத்துக்கோ மாறுவதே நேர்வழி என்பது எங்கள் கருத்து. அவ்வளவு பணம் கட்டும் பள்ளியை விட்டு வருவதா என்று தயங்கும் பெற்றோரிடமும் இதையே சொல்லியிருக்கிறோம்.

கணிதத்தைப் பற்றிச் சுருக்கமாக. 2019 முதல் அது இரண்டு வகை. அனாலிசிஸ் அண்ட் அப்ரோச்சஸ் என்பது நம் பழைய கணிதம் போல இயற்கணிதம், நுண்கணிதம் நிறைந்தது. அப்ளிகேஷன்ஸ் அண்ட் இன்டர்பிரட்டேஷன் என்பது புள்ளியியல், நடைமுறைக் கணக்கு பக்கம் சாய்ந்தது. இரண்டாவது சுலபம் என்று பிள்ளைகள் அதற்குப் போகிறார்கள். பொறியியல், கணினி அறிவியல், பொருளாதாரம் என்றால் வெளிநாட்டில் பல நல்ல கல்லூரிகள் முதலாவதைத்தான் கேட்கின்றன, அதுவும் உயர்நிலையில். பையன் எதைக் குறித்திருக்கிறான் என்று இன்றே கேளுங்கள்.

இனி மதிப்பெண். ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 7 வரை புள்ளி. ஆறு பாடத்துக்கு 42. பொதுப்பகுதிக்கு 3. ஆக 45. டிப்ளமோ பெற 24 வேண்டும். "24 தானே, பாதிதானே" என்று இருந்துவிடக் கூடாது. உயர்நிலைப் பாடம் மூன்றில் சேர்ந்து 12 புள்ளியும், மற்ற மூன்றில் 9 புள்ளியும் வேண்டும். எந்தப் பாடத்திலும் 1 வரக் கூடாது. ஒரு கணக்குப் பாருங்கள். உயர்நிலையில் 4, 4, 3. மற்றவற்றில் 5, 5, 4. பொதுப்பகுதியில் 1. மொத்தம் 26. ஆனாலும் டிப்ளமோ கிடைக்காது, உயர்நிலையில் 11 தான் வந்திருக்கிறது. பெருமைக்காக நாலாவது உயர்நிலைப் பாடம் எடுக்கச் சொல்லும் வாப்பாமார்கள், பிள்ளைக்குப் பிடிக்காத இயற்பியலை உயர்நிலையில் திணிப்பவர்கள், இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்க்க வேண்டும். உயர்நிலையிலிருந்து கீழே இறங்குவதைப் பல பள்ளிகள் முதல் சில மாதங்களில் அனுமதிக்கின்றன. மே தேர்வுக்குப் பாடங்களைப் பதிவு செய்யும் கெடு முந்தைய நவம்பர் 15. அதன் பிறகு மாற்றம் கடினம். குறைந்தால் மீண்டும் எழுதலாம், ஆனால் மொத்தம் மூன்று தேர்வுப் பருவம்தான்.

டிப்ளமோ இல்லாமல் தனித்தனிப் பாட முடிவு மட்டும் வாங்கி வருவதும் உண்டு. அதை வைத்து இங்கே சேர்ப்பது பெரும் போராட்டம். ஆகவே பொதுப்பகுதியை அலட்சியம் செய்யாதீர்கள். அதில் மூன்று வேலை. தியரி ஆஃப் நாலெட்ஜ், அதாவது நமக்கு ஒன்று தெரியும் என்று எதை வைத்துச் சொல்கிறோம் என்ற ஆராய்ச்சி. அதில் 1,600 சொல்லில் ஒரு கட்டுரையும் ஒரு கண்காட்சியும் உண்டு. மதரசாவில் இல்முல் மன்திக் ஓதியவர்களுக்கு இந்தப் பாடம் அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது. இரண்டாவது எக்ஸ்டெண்டட் எஸ்ஸே, 4,000 சொல்லுக்குள் சொந்த ஆய்வு. இந்த இரண்டில் ஒன்றில் 'ஈ' வந்தாலும் டிப்ளமோ போய்விடும். ஆய்வுக்குத் தலைப்பு கிடைக்காமல் பிள்ளைகள் இணையத்தில் தேடி எல்லாரும் எழுதுவதையே எழுதுகிறார்கள். நம் கடற்கரை ஊர்களின் முத்துக்குளிப்பு வணிகம், அரபுத்தமிழ் எழுத்து, கல்லறைக் கல்வெட்டுகள் இவையெல்லாம் வரலாற்றுப் பாடத்துக்குக் கீழ் வரக்கூடிய தலைப்புகள். பாட்டனார் வீட்டு மரப்பெட்டியில் பழைய கணக்குப் புத்தகம் இருந்தால் கறையானுக்கு விடாமல் பிள்ளையிடம் கொடுங்கள். காசு வாங்கிக்கொண்டு கட்டுரை எழுதித் தருபவர்கள் பக்கம் மட்டும் போக வேண்டாம், பிடிபட்டால் டிப்ளமோவே இல்லை.

மூன்றாவது சி.ஏ.எஸ். படைப்பு, உடற்செயல், சேவை மூன்றும் சேர்ந்தது. குறைந்தது 18 மாதம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், செய்ததை எழுதியும் வர வேண்டும். புள்ளி கிடையாது, ஆனால் முடிக்காவிட்டால் டிப்ளமோ கிடையாது. தொழுகை, ஓதுதல் போன்ற நம் வணக்கங்கள் இதில் சேராது, அது சரியும்கூட. ஆனால் நம் அறக்கட்டளையின் மாலை வகுப்பில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது, இரத்த தான முகாமில் பதிவு மேசை பார்ப்பது போன்றவற்றைப் பள்ளியின் முன் ஒப்புதலோடு சேவையாகக் காட்டலாம். விடுமுறையில் ஊர் வரும் பிள்ளைகளை அனுப்புங்கள். அவர்கள் செய்த வேலைக்கு நாங்கள் கடிதம் தருவோம், செய்யாத வேலைக்குத் தரமாட்டோம். இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

ரமலான் பற்றியும் ஒரு வார்த்தை. சில வருடங்களுக்கு முன் நோன்பு மே மாதத் தேர்வோடு வந்தது. இப்போது பிப்ரவரி, மார்ச் என்று முன்னே நகர்ந்திருக்கிறது. தேர்வுக்கு இது சௌகரியம்தான். ஆனால் இரண்டாம் வருடப் பிள்ளைகளுக்கு மாதிரித் தேர்வும் ஆய்வறிக்கைகளை ஒப்படைக்கும் கெடுவும் அந்த மாதங்களில்தான் குவிகின்றன. சஹருக்கு எழுந்து, தராவீஹ் முடித்து வந்து 4,000 சொல் திருத்துவது நடக்கிற காரியமில்லை. கட்டுரைகளை டிசம்பருக்குள் முடிக்க வையுங்கள்.

முடிவுகள் ஜூலை முதல் வாரம் வரும். அதற்குள் இங்கே பல கல்லூரிகளில் விண்ணப்பத் தேதி முடிந்திருக்கும். அந்தக் கல்லூரி பள்ளி தரும் உத்தேசப் புள்ளிகளை ஏற்குமா, ஐ.பி. புள்ளியை எப்படிச் சதவீதமாக மாற்றுகிறது, இணைச் சான்றிதழ் கேட்கிறதா என்பதை ஜனவரியிலேயே கேட்டு வையுங்கள். சபரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இருப்பிடச் சான்றும் சாதிச் சான்றும் தயாராக வேண்டும். 2007 முதல் நமக்கு இருக்கும் 3.5 சதவீத இடஒதுக்கீடு அந்தத் தாள் இல்லாவிட்டால் பயன்படாது.

பள்ளிக் கட்டணத்தோடு தேர்வுக் கட்டணம் பாடவாரியாகத் தனி என்பதையும் கணக்கில் சேருங்கள். நம் கர்ளன் ஹஸனா நிதியில் ஐ.பி. பள்ளிக் கட்டணத்துக்குக் கடன் தர இயலாது, அந்தப் பணத்தில் பல ஏழைப் பிள்ளைகள் கல்லூரி படிக்கலாம். கடைசி வருடத்தில் வாப்பாவுக்கு வேலை போய்த் தேர்வுக் கட்டணம் கட்ட முடியாமல் நிற்கும் பிள்ளைக்கு மட்டும் நிர்வாகக் குழு தனியாகப் பரிசீலிக்கும்.

வரும் கல்வியாண்டில் பதினொன்றுக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோர், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையும், பள்ளி கொடுத்த பாடத் தேர்வுப் படிவத்தையும் கையெழுத்துப் போடாமல் எடுத்துக்கொண்டு வாருங்கள். சனி, ஞாயிறு அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் அலுவலகம் திறந்திருக்கும். பிள்ளையையும் அழைத்து வாருங்கள், படிக்கப் போவது அவர்கள்தான். சபரில் இருப்பவர்கள் வாட்ஸ்அப்பில் படிவத்தின் படத்தை அனுப்பினால் போதும், இஷாவுக்குப் பிறகு அழைத்துப் பேசுகிறோம்.