நூர்தீன் உயில் வழக்கும் நம் வீட்டுக் கணக்கும்
(பொன்விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டுக் கடையில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். சட்டம் படித்தவர்கள் அல்ல. ஆனாலும் பினாங்கு சூலியா தெருவில் நூர்தீன் குடும்ப அடக்கத்தலத்தைக் கடக்கும்போதெல்லாம் ஒரு வழக்கு நினைவுக்கு வரும்.

நூர்தீன் பெரிய வணிகர்; நம்மவர். அவர் மௌத்தானபின் அவருடைய உயிலைக் குறித்து வாரிசுகளுக்கும் உயிலை நிறைவேற்ற வந்தவர்களுக்கும் வழக்கு நடந்தது. 1871ஆம் ஆண்டு, 'பாத்திமா எதிர் லோகன்'. நம் மார்க்கப்படி உயிலால் மூன்றில் ஒரு பங்குவரைதான் எழுதலாம், மிச்சம் வாரிசுகளுக்கு. நீதிபதி ஹாக்கெட் அந்த வரம்பை ஏற்கவில்லை. பினாங்கில் செல்வது ஆங்கிலச் சட்டம், முஸ்லிமும் தம் சொத்து முழுவதையும் விரும்பியபடி எழுதலாம் என்றார். அதே ஆங்கிலச் சட்டத்தைக் காட்டி, கந்தூரிக்கென்று நிரந்தரமாக ஒதுக்கியது செல்லாது என்றும் தீர்த்தார். மூன்றில் ஒரு பங்கு என்ற வாதமும் எடுபடவில்லை, கந்தூரியும் நிற்கவில்லை. இரண்டுக்கும் மார்க்கம் அறியாத ஒரு சட்டமே அளவுகோல்!

இன்று அந்த நிலை இல்லை. மலேசியாவின் 1959ஆம் ஆண்டு உயில் சட்டம் முஸ்லிம்களின் உயிலுக்குப் பொருந்தாது. பராயிள் நம் கையில் இருக்கிறது. அதை நாம் எப்படி நடத்துகிறோம்?

எங்கள் வீட்டையே சொல்கிறோம். வாப்பா மௌத்தாகி மூன்று மாதத்தில் லாத்தா கடைக் கணக்கைக் கேட்டார். தம்பிமார் எங்களுக்குக் கோபம். "கட்டிக் கொடுத்த பெண்ணுக்குக் கணக்கு எதற்கு?" என்றுகூடப் பேசிவிட்டோம். லாத்தா பதில் பேசவில்லை. வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். உம்மாதான் பிறகு சொன்னார்: வியாபாரம் படுத்த ஒரு வருஷம் லாத்தாவின் நகையை அடகு வைத்துத்தான் வாப்பா சரக்கு எடுத்தாராம். மீட்டுக் கொடுக்கவில்லை. எங்கும் எழுதவும் இல்லை.

அப்படியானால் லாத்தா கேட்டது பங்கு அல்ல, கடன். ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்று கணக்குப் போட அவசரப்பட்டோமே, அதற்கு முன்னால் அடக்கச் செலவு, பிறகு கடன், பிறகு மூன்றில் ஒன்றுக்குள் வசியத்து என்ற வரிசை இருப்பதை மறந்தோம். பள்ளி இமாமிடம் போய்த்தான் அதைத் தெளிவாக்கிக்கொண்டோம்.

லாத்தா வீட்டுக்கு நாங்களே போனோம். தேநீர் கொடுத்தார், முகம் கொடுக்கவில்லை. நகையின் எடையை அவர் சொல்லச் சொல்ல எழுதி, அன்றைய தங்க விலையில் கணக்கிட்டு, முதலில் அதைத் தீர்த்தோம். பாகம் பிரித்தது அதற்குப் பிறகுதான். இப்போது கடைக் கல்லாவில் ஒரு நோட்டு இருக்கிறது. யாரிடம் என்ன வாங்கினோம் என்று எழுதுகிறோம். மனைவிமாரின் நகையும் அதில் உண்டு. லாத்தா இந்தப் பெருநாளைக்கு வந்திருந்தார்.