ஓடைக்கரையில் இருவர்



நீலகிரி அவலாஞ்சியில் 1907ஆம் ஆண்டு மீன்குஞ்சுப் பொரிப்பகம் தொடங்கப்பட்டது. குளிர்ந்த மலையோடைகளில் வாழும் டிரவுட் மீனை அங்கே வளர்த்தார்கள். ஓட்டத்தை எதிர்த்து நின்று, மிதந்துவரும் பூச்சிகளைத் தின்னும் மீன் அது. இறகும் நூலும் சுற்றிய முள்ளைப் பூச்சிபோல் நீரில் விழச்செய்து அதைப் பிடிப்பார்கள். நிழல் பட்டாலே ஓடிவிடும்.

கணவனும் மனைவியுமாக இருவர் இப்படி ஒருநாள் மீன்பிடிக்கப் போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். சிறிய மடுவில் இருவரும் ஒரே நேரத்தில் தூண்டில் வீச முடியாது. ஒருவர் வீசும்போது மற்றவர் அசையாமல் பின்னால் நிற்க வேண்டும். வழுக்குப்பாறையில் கைகொடுக்க வேண்டும். மாலையில் கூடை வெறுமையாக இருக்கலாம். ஆனால், அன்று முழுவதும் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்திருப்பார்கள்.

வீட்டிலோ ஒருவர் பேசி முடிக்குமுன் மற்றவர் குறுக்கே பாய்கிறோம். மனதிலிருக்கும் வார்த்தையும் அந்த மீனைப் போலத்தான்; அதட்டினால் ஒளிந்துகொள்ளும். இப்படிப் பேச்சே நின்றுபோன குடும்பங்கள் நம் பங்கிலும் உண்டு.

திக்ரீசு ஆற்றில் மீன்பிடித்த தோபியா, மணநாள் இரவில் சாராவோடு சேர்ந்து செபித்ததைத் தோபித்து நூலில் வாசிக்கிறோம். இன்றிரவு ஒருவர் பேசட்டும். மற்றவர் இறுதிவரை கேட்கட்டும். பிறகு இருவரும் சேர்ந்து செபியுங்கள். ஆமென்.