ஒதுக்கிய பணம் ஊர் வந்து சேர்ந்ததா?



போரில் சிதைந்த ஒரு நாடு மீண்டெழ என்ன வேண்டும் என்று கேட்டால் உணவு, மருந்து, பாதுகாப்பு என்போம். உண்மைதான். ஆனால் அவற்றுக்கென ஒதுக்கிய பணம் உரியவர் கைக்குப் போனதா என்று பார்க்கவும் ஒரு வழி வேண்டும். பொதுப்பணம் ஓர் அமானிதம். அதற்குக் கணக்குப் பார்ப்பது ஒரு நாட்டை எப்படித் திருத்துகிறது என்பதை இன்று நாம் பார்ப்போம்.

முதலில் உகாண்டா. இடி அமீன் ஆட்சியும் பின்னர் வந்த உள்நாட்டுப் போரும் அந்நாட்டைக் குலைத்திருந்தன. 1986இல் வந்த புதிய அரசு கல்விக்குப் பணத்தைக் கூட்டிக்கொண்டே போனது. ஆனால் பள்ளியில் சேரும் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியதாகத் தெரியவில்லை. பணம் எங்கே போகிறது என்று அறிய, 250 அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு நேரில் சென்று கணக்குப் பார்த்தார்கள். 1991 முதல் 1995 வரை, மாணவர் தலைக்கு இவ்வளவு என்று அனுப்பிய மானியத்தில் நூற்றுக்குச் சராசரியாக 13 பங்குதான் பள்ளிக்கு வந்திருந்தது. மீதி வழியிலேயே நின்றுவிட்டது.

அந்த அறிக்கையை அரசு அலமாரியில் வைத்துப் பூட்டவில்லை. மாதந்தோறும் எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பினோம் என்று செய்தித்தாளில் வெளியிட்டது. வந்த தொகையைப் பள்ளியிலும் எழுதி ஒட்டச் சொன்னது. பெற்றோரும் தலைமையாசிரியரும் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். 2001 வாக்கில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் பள்ளிக்கு வந்து சேர்ந்தது. செய்தித்தாள் மட்டுமே இதைச் சாதித்தது என்று சொல்ல முடியாது. அதே ஆண்டுகளில் அரசின் கண்காணிப்பும் இறுகியது.

அடுத்து சோமாலியா. அங்கே படைவீரர் சம்பளம் தளபதிகள் கை வழியாகவே போய்க்கொண்டிருந்தது. பட்டியலில் இருப்பவர் எத்தனை பேர், உண்மையில் இருப்பவர் எத்தனை பேர் என்பதே தெளிவாக இல்லை. பிறகு வீரர்களின் கைரேகையைப் பதிந்து, சம்பளத்தை நேரே அவரவர் கணக்கில் செலுத்தும் முறை வந்தது. 2019இல் பொது நிதி நிர்வாகத்துக்குத் தனிச் சட்டம் இயற்றினார்கள். இப்படிப்பட்ட சீர்திருத்தங்கள் கடன் நிவாரணத்துக்கான நிபந்தனைகளிலும் இருந்தன. 2023 டிசம்பரில் அந்நாட்டுக்குச் சுமார் 450 கோடி டாலர் கடன் நிவாரணம் உறுதியானது.

ஆனால் மதிப்பெண்ணை மட்டும் நம்பிவிடக் கூடாது. நாடுகளின் நிதி நிர்வாகத்தை அளக்க ‘பெஃபா’ என்ற முறை 2005 முதல் நடந்து வருகிறது. இன்றைய வடிவத்தில் 31 அளவுகோல்கள். ஒவ்வொன்றுக்கும் ‘ஏ’ முதல் ‘டி’ வரை மதிப்பெண். ஆப்கானிஸ்தானும் இதில் பலமுறை அளக்கப்பட்டது. பட்ஜெட் நடைமுறைகளில் முன்னேற்றமும் காட்டியது. அதே நாட்டில்தான் 2010இல் காபூல் வங்கி நிலைகுலைந்தது. பொதுமக்கள் போட்டுவைத்த பணத்திலிருந்து சுமார் 90 கோடி டாலர், செல்வாக்கு உள்ள சிலருக்குக் கடன் என்ற பெயரில் போயிருந்தது. அரசு ஊழியரின் சம்பளம் பட்டுவாடா ஆனதும் அந்த வங்கி வழியாகத்தான்.

இந்த மூன்று நாடுகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். அளப்பது, ஓட்டை எங்கே என்று காட்டும். ஓட்டையை அடைப்பதற்கு, பணத்துக்கு உரியவர் அதை அறிந்து கேட்க வேண்டும். கேட்டதற்குப் பதில் சொல்ல ஆட்சியில் இருப்பவர் கடமைப்பட்டிருக்க வேண்டும். வெளிநாட்டவர் தரும் மதிப்பெண்ணுக்காக மட்டும் எழுதிய சட்டம் ஏட்டோடு நின்றுவிடும்.

வழியில் நின்றுபோன அந்த மானியம் ஒரு பிள்ளையின் பாடப்புத்தகம். வராத சம்பளம் ஒரு படைவீரர் வீட்டின் அடுப்பு. ஆகவே கணக்குக் கேட்பவரைப் பகைவராக நினைக்க வேண்டாம். எவ்வளவு ஒதுக்கினீர்கள், எவ்வளவு அனுப்பினீர்கள், எவ்வளவு வந்து சேர்ந்தது என்ற மூன்று கேள்விகளை எந்தப் பொதுப்பணத்தைப் பற்றியும் கேட்கலாம். நேர்மையாக நிர்வாகம் செய்பவர் அந்தக் கேள்விகளை வரவேற்பார்.