திரையிலே பிள்ளையின்ரை சொந்தச் சொல் வரவேணும்

(ஓல்னே-சூ-புவாவில் நடைபெற்ற பெற்றோர் ஒன்றுகூடலில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)

 

கல்வியைப் பற்றிக் கதைக்கச் சொல்லிக் கேட்டபோது எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. நான் உயர்தரத்தோடு படிப்பை விட்டவன். இங்கே தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். ஆனால் ஒரு பிள்ளையிடம் நல்ல கேள்வி ஒன்றைக் கேட்பதற்குப் பட்டம் தேவையில்லை என்பதைப் போன வருடம் எங்கள் வீட்டிலேயே கண்டேன். அதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

அண்ணரின் மகன் கொலேஜில் கடைசி வகுப்புப் படித்துக்கொண்டிருந்தான். பிறவே பரீட்சையிலே 2017ஆம் ஆண்டு தொடக்கம் ஒரு வாய்மொழிப் பரீட்சை இருக்கிறது. பிள்ளை தான் செய்த ஒரு வேலையைப் பற்றி 5 நிமிடம் பேச வேண்டும். பிறகு 10 நிமிடம் ஆசிரியர்கள் கேள்வி கேட்பார்கள். பெரும்பாலான பிள்ளைகள் இதற்கு ஒரு "டியாப்போ" தயாரிக்கிறார்கள். கொம்பியூட்டரில் பக்கம் பக்கமாகச் செய்து திரையிலே காட்டுவது.

இவன் எடுத்த விஷயம் முதலாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படையினர் இருந்த பதுங்குகுழிகள். ஒருநாள் பின்னேரம் ரி.வி.யிலே இணைத்து எங்களுக்குக் காட்டினான். 12 பக்கம். எழுத்து பறந்து வருகிறது, படம் சுழன்று வருகிறது. அண்ணிக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அவனோ எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரையிலே இருந்ததை அப்படியே வாசித்தான். வாசித்து முடிய நான் கேட்டேன்.

"தம்பி, இதிலை உனக்கு விளங்காத இடம் எது?"

பிள்ளை பேசவில்லை. கன நேரம் கழித்துச் சொன்னான்:

"சித்தப்பா, இதெல்லாம் இன்ரநெற்றிலை எடுத்தது."

இந்த இடத்தில்தான் எனக்குப் பயம் பிடித்தது. 15 நிமிடத்தில் 10 நிமிடம் கேள்விக்கு உரியது. கேள்விக்குத் திரை பதில் சொல்லாது. பரீட்சையை விடுவோம். ஒரு வருடம் படித்த பிள்ளைக்குத் தான் என்ன படித்தேன் என்று தனக்கே சொல்லத் தெரியவில்லை என்றால், அந்தப் படிப்பு எங்கே போனது?

இந்தக் கருவியின் கதையையும் கொஞ்சம் அறிந்திருப்பது நல்லது. பவர்பொயின்ற் 1987இல் அமெரிக்காவிலே வெளிவந்தது. றொபேட் காஸ்கின்ஸ், டெனிஸ் ஒஸ்ரின் என்பவர்களின் முயற்சி அது. அதே ஆண்டிலேயே மைக்ரோசொவ்ற் 1 கோடி 40 இலட்சம் டொலருக்கு அந்தக் கொம்பனியை வாங்கியது. வியாபாரக் கூட்டங்களில் காட்டுவதற்குத்தான் அது உருவானது. கடைக்காரன் தன் சரக்கின் குறையைக் காட்டுவானா? மாணவன் அப்படி இருக்க முடியாது. தனக்கு எங்கே பிழைத்தது என்று பார்த்தால்தான் அவன் படிப்பான்.

கருவியை வேறுவிதமாகக் கையாண்ட ஒரு வாத்தியார் இந்த நாட்டிலேயே இருந்தார். பெயர் செலஸ்தான் பிரெனே. என் பெறாமகன் படம் காட்டிய அதே போரிலே, 1917இல், நெஞ்சிலே காயப்பட்டவர். நெடுநேரம் உரத்துப் பேச மூச்சு இடம் கொடாது. 1920இல் தென் பிரான்சிலே பார்-சூர்-லூ என்ற ஊரில் படிப்பிக்கத் தொடங்கினார். பிள்ளைகளை வெளியிலே கூட்டிப்போவார். கண்டதையும் நினைத்ததையும் அவர்களையே எழுதச் சொல்வார். 1924இல் ஒரு சிறிய அச்சு இயந்திரத்தை வகுப்புக்குள் கொண்டுவந்தார். பிள்ளைகள் தாங்கள் எழுதியதைத் தாங்களே எழுத்துக் கோத்து அச்சடித்து, வேறு ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கும் அனுப்பினார்கள். வாத்தியார் பேச்சைக் குறைத்தார், பிள்ளைகள் பேசினார்கள். அன்றைக்கு அச்சு இயந்திரம், இன்றைக்குத் திரை. அதிலே பிள்ளையின் சொந்தச் சொல் வரவேண்டும், அவ்வளவுதான்.

இனி எங்கள் வீட்டுக்கு வருவோம். அந்த 12 பக்கத்தையும் மூடிவைக்கச் சொன்னேன். புதிதாக மூன்று பக்கம் மட்டும் செய்யச் சொன்னேன். முதலாவது: "படிக்க முதல் நான் நினைச்சது என்ன?" இரண்டாவது: "இப்ப மாறினது என்ன, ஏன் மாறினது?" மூன்றாவது: "இன்னும் எனக்கு விளங்காதது என்ன?"

அடுத்த கிழமை வந்தான். முதற் பக்கத்தில், பதுங்குகுழி என்றால் ஒளிக்கிற ஒரு கிடங்கு என்று நினைத்திருந்தேன் என எழுதியிருந்தான். இரண்டாவதில் அவன் வகுப்புக் கொப்பியின் படம். ரெலிபோனாலே எடுத்தது. நேர்கோடாகக் கீறி, ஆசிரியை சிவப்பாலே திருத்தி, வளைந்து வளைந்து போவதாக மாற்றிய படம். பிழையை மறைக்காமல் போட்டிருந்தான். மூன்றாவதில் ஒரே வரி: ஏன் நேராக வெட்டவில்லை?

பிறகு மெல்லமாக என்னைப் பார்த்துக் கேட்டான்:

"சித்தப்பா, நீங்களும் பங்கருக்குள்ளை இருந்தனீங்களோ?"

இத்தனை வருடத்திலே அவன் அதைக் கேட்டதில்லை. நாங்களும் சொன்னதில்லை. ஊரிலே எங்கள் வளவுக்குள் ஐயா வெட்டிய பங்கரைப் பற்றிச் சொன்னேன். மேலே பனங்குற்றி, அதற்கு மேலே மண்மூட்டை. "ட" வடிவத்திலே வளைத்துத்தான் வெட்டினார். ஷெல் துண்டு நேராகத்தான் பறக்கும், மூலை திரும்பி வராது. நேராக வெட்டினால் உள்ளே இருக்கிற எல்லோருக்கும் ஆபத்து. பெடியன் உடனே சொன்னான்: "அப்ப இவையளும் அதுக்குத்தானே வளைச்சு வெட்டினவை!"

அவன் கேள்விக்குப் பதில் எங்கள் குசினி மேசையிலே, தமிழிலே கிடைத்தது. அவன் எத்தனை புள்ளி எடுத்தான் என்று நான் சொல்லப்போவதில்லை. பரீட்சை நாளன்று திரைக்கு முதுகைக் காட்டாமல், கேட்கிறவர்களின் முகத்தைப் பார்த்துப் பேசினேன் என்று வந்து சொன்னான். அது போதும்.

எங்கள் தொழிற்சாலையிலும் வேலை தொடங்க முதல் பலகைக்கு முன்னால் ஐந்து நிமிடம் நிற்போம். நேற்று எங்கே பிழைத்தது, இன்று எதைக் கவனிக்க வேண்டும் என்று கதைப்போம். பெரியவர்களுக்கே இது தேவை என்றால் பிள்ளைகளுக்குத் தேவையில்லையா?

ஆகவே பெற்றோரே, என் வேண்டுகோள் இதுதான். கிழமைக்கு ஒருமுறை பிள்ளையைக் கொண்டு மூன்று பக்கம் செய்வியுங்கள். அலங்காரம் வேண்டாம். கொப்பியின் படமும் இரண்டு வரியும் போதும். வீட்டு ரி.வி. போதும், அதுவும் இல்லையென்றால் ரெலிபோன் போதும். திகதி போட்டுச் சேமித்து வைக்கச் சொல்லுங்கள். கரும்பலகையிலே எழுதியது அழிந்துபோகும், இது இருக்கும். மூன்று மாதம் கழித்து முதலாவதை எடுத்துக் காட்டினால், தான் எவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்று பிள்ளையே காணும்.

"எனக்குப் பிரெஞ்சு தெரியாது, நான் என்னத்தைக் கேக்கிறது?" என்று சொல்லாதீர்கள். தெரியாதது இங்கே உதவி. உங்களுக்கு விளங்க வைப்பதற்குப் பிள்ளை தமிழிலே சொல்ல வேண்டும். தமிழிலே சொல்வதற்கு அது முதலில் தனக்கு விளங்கியிருக்க வேண்டும். எங்கள் தமிழ் வகுப்பிலும் கடைசிப் பதினைந்து நிமிடத்தை இதற்கு ஒதுக்கும்படி ஆசிரியர்களைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

பிறக்கின்ற புத்தாண்டிலே எங்கள் பிள்ளைகள் தங்கள் சொந்தச் சொல்லிலே பேசட்டும். நாங்கள் பக்கத்திலே இருந்து கேட்போம்.