சார்பு முறியும் இடம்

எழுதுகோலைத் தாளினின்றும் எடுக்காமலே ஒரு சார்பின் வரைபை வரைய முடியுமாயின், அச்சார்பு தொடர்ச்சியானது என மாணவர் கூறுவர். கண்ணுக்கு இது போதும், கணிதத்துக்குப் போதாது. தொடர்ச்சி என்பது புள்ளிதோறும் தனித்தனியே கேட்டறிய வேண்டிய செய்தியாகும். அப்புள்ளியில் சார்புக்குப் பெறுமானம் உண்டா? இடமிருந்தும் வலமிருந்தும் அணுகுங்கால் அது ஒரே எல்லையை நாடுகின்றதா? அவ்வெல்லையும் அப்பெறுமானமும் ஒன்றேயா? இவற்றுள் ஒன்றுக்கேனும் இல்லை என்பது விடையாயின், சார்பு அங்கே முறிந்துவிட்டது.

முறிவுகள் யாவும் ஒரு தன்மையன அல்ல. ஓர் எண்ணின் வர்க்கத்திலிருந்து 4ஐக் கழித்து, எஞ்சியதை அவ்வெண்ணிலும் 2 குறைந்த எண்ணால் வகுத்துப் பார்க்க. எண் 2 ஆகும்போது பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுக்க நேரும்; பெறுமானம் இல்லை. ஆயினும் இரு புறத்தும் விடை 4ஐயே நெருங்குகின்றது. அவ்விடத்தில் 4 என இட்டுவிட்டால் துளை அடைபட்டுவிடும். அதே பகுதியெண்ணால் 1ஐ வகுத்தாலோ, ஒரு புறம் விடை எல்லையின்றி ஏறும். மறு புறம் எல்லையின்றி இறங்கும். எந்த எண்ணை இட்டும் அதனைச் சீராக்க இயலாது. தபாற் கந்தோரில் நேயர்கள் காண்பது வேறொரு வகை. குறித்த நிறை வரையில் ஒரே கட்டணம்; அந்நிறையை இம்மியளவு கடந்ததும் கட்டணம் ஒரு படி தாவிவிடும்.

ஆகவே பகுதியெண் பூச்சியமாகும் இடத்தையும், விதி மாறும் இடத்தையும் தேடினாற் போதும் எனத் தோன்றலாம். பள்ளிக் கணக்குகளுக்குப் பெரும்பாலும் போதும். ஆனால் முறிவு ஒளிந்திருக்கும் இடம் வேறும் உண்டு; பெருங் கணித அறிஞர் ஒருவரையே அது ஏமாற்றியது. 1821இல் பரிஸ் நகரத்துக் கோஷி ஒரு பாடநூல் வெளியிட்டார். தொடர்ச்சிக்குத் திட்பமான வரையறை தந்த அதே நூலில், தொடர்ச்சியான சார்புகளை முடிவின்றிக் கூட்டும்போது அத்தொடர் ஒருங்குமாயின், கூட்டுத்தொகையும் தொடர்ச்சியானதே என நிறுவிவிட்டதாகவும் எழுதினார்.

1826இல் நோர்வே நாட்டு இளைஞர் ஆபெல், தமது கட்டுரை ஒன்றின் அடிக்குறிப்பிலே, இத்தேற்றத்துக்கு விலக்கு உண்டு போலும் என மிக அடக்கமாகக் குறித்தார். ஒரு கோணத்தின் சைனிலிருந்து அதன் இருமடங்கின் சைனிற் பாதியைக் கழித்து, மும்மடங்கின் சைனில் மூன்றிலொன்றைக் கூட்டி, இவ்வாறே மாறி மாறிச் செல்லும் தொடர் அவர் காட்டியது. உறுப்பு ஒவ்வொன்றும் முறிவற்ற அலை. கூட்டுத்தொகையோ, ஆரையனில் அளந்த கோணத்தின் சரிபாதியாய், நேர்கோட்டிலே 180 பாகையை நோக்கி ஏறுகின்றது. 180 பாகையில் திடீரெனப் பூச்சியமாகின்றது. அதனைக் கடந்ததும், ஏறிய அளவுக்குக் கீழே இறங்கி நின்று மீண்டும் ஏறத் தொடங்குகின்றது. இங்கே பகுதியெண் எதுவும் பூச்சியமாகவில்லை; விதியும் மாறவில்லை.

பின் முறிவு எங்கிருந்து வந்தது? 180 பாகையை நெருங்க நெருங்க, உண்மைத் தொகைக்கு அண்மையில் வருவதற்கு மேலும் மேலும் கூடிய உறுப்புகள் வேண்டியிருக்கின்றன. நூறு போதிய கோணத்துக்கு அப்பால் ஆயிரம் வேண்டும். ஆயிரம் போதியதற்கு அப்பால் இலட்சமும் போதாது. அக்கோணங்கள் அனைத்துக்கும் பொதுவாய்ப் போதுமான எண்ணிக்கை ஒன்றும் இல்லை. ஒருங்குதல் உண்டு, ஆனால் அது சீரான ஒருங்குதல் அன்று.

கோஷி தமது தேற்றத்தைத் தாமே திருத்தி வெளியிட்டது 1853இல். ஆபெல் 1829ஆம் ஆண்டிலேயே, 27 வயது நிரம்புமுன், காலமாகிவிட்டிருந்தார்.