எது பழுது, எது குணம்



1961-இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரிலிருந்து ஒரு பாட்டு வந்தது. மார்ட்டி ராபின்ஸ் பாடிய 'டோன்ட் வொரி'. பாட்டின் நடுவே கிரேடி மார்ட்டின் வாசிக்கும் பேஸ் கிதார் திடீரென்று கரகரத்து, பெரிய வண்டு ஒன்று ரீங்கரிப்பதுபோல ஒலிக்கும். ஒலிப்பதிவு மேசையில் நேர்ந்த பழுதுதான் காரணம். ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி அந்தக் கரகரப்பை மறக்கவில்லை. அதே ஒலியை வேண்டும்போது எழுப்பும் மின்சுற்றை உருவாக்கினார். 1962-இல் அது 'மேஸ்ட்ரோ ஃபஸ் டோன்' என்ற பெயரில், காலால் மிதித்து இயக்கும் பெடலாகக் கடைக்கு வந்தது.

பழுதிலிருந்து பிறந்த கருவியே பழுதாகிவிட்டால் என்ன செய்வது? கரகரப்பது அதன் குணம். அந்தக் கரகரப்புக்குள் நுழைந்துவிட்ட இன்னொரு கரகரப்புதான் நோய். இரண்டையும் பிரித்துக் கேட்கத் தெரிவதை நான் ஒரு கலை என்றே மதிக்கிறேன்.

1966-இல் லண்டனில் ஐவர் ஆர்பிட்டரின் நிறுவனம் வெளியிட்ட 'ஃபஸ் ஃபேஸ்' பெடலை எடுத்துக்கொள்வோம். மைக் ஸ்டாண்டின் அடித்தட்டுப்போல வட்டமான உலோக உடல். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் விரும்பி வாசித்த பெடல் இது. திறந்து பார்த்தால் வியப்பாக இருக்கும். இரண்டு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கெபாசிட்டர், திருகிக் கூட்டிக் குறைக்க இரண்டு கண்ட்ரோல். மொத்தமே பதினொன்று. இவற்றோடு 9 வோல்ட் பேட்டரி, இரண்டு ஜாக், ஒரு கால் சுவிட்ச். கிதாரிலிருந்து வரும் ஒலியலையை அளவுக்கு மீறிப் பெருக்கி, அதன் மேடுகளைத் தட்டையாக்கிவிடுவதுதான் வேலை. அந்தத் தட்டையில் பிறப்பதே கரகரப்பு.

முதல் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். பெடலை அணைத்த நிலையில் கிதாரை மீட்டுங்கள். ஒலி தெளிவாகக் கடந்து போனால் ஜாக்குகளிலும் சுவிட்சின் ஒரு பாதியிலும் குறையில்லை. பெடலை இயக்கியதும் ஒலி மறைந்தால் குறை உள்ளே இருக்கிறது.

அடுத்து மல்டிமீட்டர். இங்கே பழைய ஜெர்மானியம் டிரான்சிஸ்டரின் வழக்கம் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். இன்றைய பெரும்பாலான பெடல்களில் பேட்டரியின் மைனஸ் முனைதான் கிரவுண்ட். இதில் பிளஸ் முனை கிரவுண்ட். ஆகவே கறுப்புக் கம்பியைக் கிரவுண்டில் வைத்தால் மீட்டர் மைனஸ் காட்டும், பதற வேண்டாம். இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில் ஏறத்தாழ நாலரை வோல்ட் இருந்தால் சுற்று உயிரோடு இருக்கிறது. அறை சூடானால் இந்த அளவு நகரும், ஒலியும் மாறும். அது ஜெர்மானியத்தின் இயல்பு, பழுதன்று.

மின்னழுத்தம் சரியாக இருந்தும் ஒலி வரவில்லையா? அப்போது ஒலியின் பின்னாலேயே நடக்க வேண்டும். ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் கம்பியின் முனையில் ஒரு சிறு கெபாசிட்டரைப் பற்றவைத்து, ஆம்ப்ளிஃபையரின் ஒலியைக் குறைத்துவைத்து, அந்த முனையால் சுற்றின் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுக்கொண்டே போகலாம். நுழைவு ஜாக், சுவிட்ச், முதல் டிரான்சிஸ்டர், இரண்டாவது டிரான்சிஸ்டர், வால்யூம் கண்ட்ரோல். எந்தப் புள்ளிவரை ஒலி கேட்கிறதோ, அதற்கும் அடுத்த புள்ளிக்கும் இடையில்தான் குறை ஒளிந்திருக்கிறது.

ஒருமுறை இத்தகைய பெடல் ஒன்று என் மேசைக்கு வந்தது. டிரான்சிஸ்டர்கள் செத்துவிட்டன, புதிதாக மாற்றிக் கொடுங்கள் என்றார் உரிமையாளர். மீட்டரை வைத்தேன். சுற்றுக்கு மின்சாரமே வரவில்லை. இந்தப் பெடலின் நுழைவு ஜாக் ஸ்டீரியோ ஜாக். பிளக்கைச் செருகும்போதுதான் பேட்டரி இணையும். ஜாக் நன்றாகவே இருந்தது. அங்கிருந்து பேட்டரிவரை விரலால் வயரை மெல்ல வளைத்துக்கொண்டே போனேன். ஓரிடத்தில் வயர் நூல்போலத் துவண்டது. மேலுறை முழுசாக இருக்க, உள்ளே செம்பு இற்றுப்போயிருந்தது. எப்போதோ கசிந்த பேட்டரியின் வேலை.

டிரான்சிஸ்டர்களை மாற்றியிருந்தால் அந்தப் பெடல் தன் குரலை இழந்திருக்கும். ஒரே எண் பொறித்த இரண்டு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள்கூட ஒன்றுபோல ஒலிப்பதில்லை. ஆகவே சந்தேகத்தின் பேரில் எதையும் கழற்றாதீர்கள். கழற்றுமுன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டிரான்சிஸ்டர் அருகே பற்றவைக்க நேர்ந்தால், அதன் காலைக் குறடால் பிடித்துக்கொள்ளுங்கள். சூடு குறட்டுக்குப் போய்விடும். காய்ந்துபோன எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரையும் விரிசல் விட்ட டிரை சால்டரையும் சரிசெய்யத்தான் வேண்டும். நிறம் மங்கினாலும் வேலை செய்யும் ரெசிஸ்டர் அங்கேயே இருக்கட்டும்.

அந்தப் பெடலுக்கு நான் போட்டது ஒரு விரல் நீள வயர். கிதாரைச் செருகி ஒரு தந்தியை மீட்டினேன். பழைய இரண்டு டிரான்சிஸ்டர்களும் தங்கள் குரலிலேயே கரகரத்தன.